உறங்கும் முன் குடிக்கும் ஆயுர்வேதப் பானங்கள்: சரக்கு வாங்குவது முதல் கோப்பை வரை

சூடான பாலில் ஒரு கரண்டி பொடியைப் போட்டுக் கலக்கிக் குடித்துவிட்டு, "ஒன்றும் தெரியவில்லையே" என்று மூன்றாம் நாள் நிறுத்திவிடுபவர்கள் ஏராளம். குறை பெரும்பாலும் பொடியில் இருப்பதில்லை. குடித்த நேரம், காய்ச்சிய வரிசை, போட்ட அளவு இந்த மூன்றில் ஒன்று தவறியிருக்கும். அதனால் இந்த வழிகாட்டி செய்முறையில் தொடங்காமல், அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன் முடிக்க வேண்டியவற்றில் தொடங்குகிறது. வரிசையை மாற்றாமல் படியுங்கள். மூன்றாம் பகுதியைத் தாண்டிக் குதித்து நேராகச் செய்முறைக்குப் போக வேண்டாம்.

## 1. முதலில் நேரத்தைச் சரிசெய்யுங்கள்

படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் பானத்தைக் குடித்து முடித்திருக்க வேண்டும். இரவு உணவுக்கும் பானத்துக்கும் இடையே குறைந்தது ஒன்றரை மணி நேரம், முடிந்தால் இரண்டு மணி நேரம் விடுங்கள். பத்து மணிக்குப் படுப்பவர் ஏழு மணிக்குச் சாப்பிட்டு, ஒன்பது மணிக்குக் குடிப்பது சரியான கணக்கு.

இந்த இடைவெளிக்குக் காரணம் உண்டு. செரிக்காத சாப்பாட்டின் மேல் பால் போய்ச் சேர்ந்தால் வயிறு கனக்கும், புளித்த ஏப்பம் வரும், படுத்தவுடன் நெஞ்செரியும். அதுவும் புளி, தயிர், மீன், கருவாடு சாப்பிட்ட இரவில் பாலே வேண்டாம். பாலோடு மீனும் புளிப்பும் உப்பும் சேர்வதை ஆயுர்வேதம் விருத்த ஆகாரம் (ஒன்றோடொன்று ஒவ்வாத உணவு) என்று விலக்கி வைக்கிறது. அன்றைக்கு எட்டாம் பகுதியில் உள்ள நீர்ப் பானத்துக்கு மாறிக்கொள்ளுங்கள்.

மாலைக் காபியையும் இங்கேயே தீர்த்துவிட வேண்டும். உடலுக்குள் போன காஃபினில் பாதி கழியவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ஐந்து மணிக்குக் குடித்த காபியில் பாதி பத்து மணிக்கும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது, எந்த மூலிகைப் பாலும் அதோடு மல்லுக்கட்டி ஜெயிக்காது. பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் காபி, தேநீர், கோலா மூன்றையும் நிறுத்துங்கள். சிலருக்கு இது ஒன்றே போதுமானதாக இருக்கும், மூலிகை தேவைப்படாது.

## 2. உங்கள் தொந்தரவு எது என்று பாருங்கள்

எல்லாருக்கும் ஒரே பானம் பொருந்தாது. இரவில் என்ன நடக்கிறது என்பதை வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

உடல் களைத்திருந்தும் படுத்தவுடன் யோசனை ஓட ஆரம்பிக்கிறது, கை கால் சில்லென்று இருக்கிறது, தோல் வறட்சி, வயிற்றில் வாயு என்றால் அது வாதத்தின் கூறு. இவர்களுக்குத்தான் நெய் சேர்த்த அமுக்கராப் பால் (அமுக்கரா என்பது அஸ்வகந்தா).

எளிதில் தூங்கிவிடுகிறார், ஆனால் நள்ளிரவுக்கு மேல் உடம்புச் சூட்டோடும் தாகத்தோடும் விழித்துக்கொள்கிறார், வாய் புளிக்கிறது என்றால் பித்தம். இவர்களுக்கு மிளகு, சுக்கு, மஞ்சள் சேர்ந்த பானங்கள் சூட்டைக் கூட்டும். மல்லி ஊறல் நீரோ, ஏலக்காயும் கற்கண்டும் மட்டும் போட்ட பாலோ போதும்.

சளி, மூக்கடைப்பு, எத்தனை மணி நேரம் தூங்கினாலும் காலையில் எழ முடியாத மந்தம் என்றால் கபம். இவர்களுக்குப் பாலும் நெய்யும் இனிப்பும் சேர்ந்த கோப்பை இருக்கும் மந்தத்தை இன்னும் கூட்டும். நீரில் காய்ச்சிய பானங்களோடு நின்றுவிடுவதே நல்லது.

ஒரு கோப்பைக்கு ஒரு மூலிகை. இதை விட்டுக்கொடுக்க வேண்டாம். அமுக்கரா, ஜாதிக்காய், மஞ்சள், கசகசா, அதிமதுரம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஒன்றாகப் போட்டால், ஒத்துக்கொள்ளாதபோது எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதும், பலன் கிடைத்தால் எதனால் கிடைத்தது என்பதும் கடைசிவரை தெரியாது. ஏலக்காய் போன்ற வாசனைச் சரக்கு ஒரு சிட்டிகை சேர்ப்பதையும், எட்டாம் பகுதியில் வரும் மல்லி, சீரகம், சோம்பு நீரையும் இதில் கணக்கு வைக்கத் தேவையில்லை.

## 3. யார் குடிக்கக் கூடாது

சமையலறைச் சரக்குதானே என்று இதை இலேசாக எடுத்துக்கொள்வதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது.

அமுக்கரா. கர்ப்பிணிகள் தொடவே கூடாது. தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடியது என்பதால், அதிதைராய்டு உள்ளவர்களும் தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை எடுப்பவர்களுக்கு மயக்கம் இரட்டிப்பாகலாம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளின் வேலையையும் இது கூட்டக்கூடும். முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களும் விலக்க வேண்டும். கல்லீரல் பாதிப்பு அரிதாகப் பதிவாகியிருக்கிறது. ஏற்கெனவே கல்லீரல் நோய் உள்ளவர்கள் தவிர்த்துவிடுங்கள். கண் மஞ்சளாவது, சிறுநீர் கருப்பது, தோல் அரிப்பு, காரணமில்லாத குமட்டல் தெரிந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அறுவை சிகிச்சை இருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்துவது வழக்கம்.

ஜாதிக்காய். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம். மனநல மருந்து எடுப்பவர்களும் தவிர்க்க வேண்டும்.

அதிமதுரம். இனிப்பாக இருக்கிறதே என்று இரவுப் பானத்தில் தினமும் சேர்ப்பவர்கள் உண்டு. தொடர்ந்து எடுத்தால் உடலில் உப்பைத் தங்கவைத்து, பொட்டாசியத்தைக் குறைத்து, ரத்த அழுத்தத்தை ஏற்றும். அழுத்தம், இதயம், சிறுநீரகம் மூன்றில் எதில் சிக்கல் இருந்தாலும் வேண்டாம்.

மஞ்சள். உணவின் அளவில் பயமில்லை. பித்தப்பைக் கல் இருப்பவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும் தினமும் அரை டீஸ்பூன் என்று தொடங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாலும் இரவு மாத்திரையும். பலரும் கவனிக்காத இடம் இது. பாலில் உள்ள கால்சியம் இரும்புச்சத்து மாத்திரை, சில ஆன்டிபயாட்டிக்குகள், தைராய்டு மாத்திரை ஆகியவை உடலில் சேர்வதைத் தடுக்கும். இரவில் இவற்றை எடுப்பவர் மாத்திரையைப் பாலோடு விழுங்கக் கூடாது. எத்தனை மணி நேரம் இடைவெளி விட வேண்டும் என்பதை மருந்து கொடுத்தவரிடம் கேளுங்கள். தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம் என்பது பொதுவான கணக்கு.

## 4. சரக்கு வாங்குதல்

கடையில் "அமுக்கரா சூரணம்" என்று கேட்டால் கிடைப்பது வேறு பொருள். அது சித்த மருத்துவத்தின் கூட்டு மருந்து. கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128 என்று ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் இரட்டிப்பாகப் போகும் கணக்கு அது. அதாவது பாதி சர்க்கரை. அமுக்கரா கால் பங்கு. மீதியில் பெரும்பகுதி காரச் சரக்கு. நல்ல மருந்துதான், ஆனால் இந்தப் பானத்துக்கு அது சரக்கல்ல. "அமுக்கரா கிழங்கு" அல்லது "அமுக்கரா கிழங்குப் பொடி, தனியாக" என்று கேட்டு வாங்குங்கள்.

கிழங்காகவே வாங்கி வீட்டில் இடிப்பது எல்லாவற்றிலும் நல்லது. வெளியே வெளிர் பழுப்பாகவும் உடைத்தால் உள்ளே வெள்ளையாகவும் இருக்க வேண்டும். வளைத்தால் மடங்காமல் படக்கென்று ஒடிய வேண்டும். மடங்கினால் ஈரம் ஏறியிருக்கிறது, பூஞ்சை பிடிக்கும். பொட்டலத்தில் இலையும் சேர்ந்த பொடி என்று எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பானத்துக்கு வேர் மட்டுமே. இந்திய ஆயுஷ் அமைச்சகமும் 2021இல் அமுக்கரா இலையைப் பயன்படுத்த வேண்டாம் என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது.

காப்ஸ்யூலில் வரும் செறிவூட்டிய சாறு வேறு, பொடி வேறு. அந்தக் காப்ஸ்யூலைப் பிரித்துப் பாலில் கொட்டிவிட்டு இங்கே சொல்லும் கிராம் கணக்கைப் பின்பற்றினால் அளவு எங்கோ போய்விடும்.

ஜாதிக்காயை முழுக் காயாக மட்டும் வாங்குங்கள். கையில் எடுத்தால் அளவுக்கு மிஞ்சிய கனம் தெரிய வேண்டும். இலேசாக இருந்தாலோ, சிறு துளைகள் தெரிந்தாலோ உள்ளே பூச்சி அரித்திருக்கிறது. மஞ்சளும் அப்படியே, கிழங்காக வாங்கி அரைத்தால் நிறத்துக்காகச் சேர்க்கும் கலப்படத்துக்குத் தப்பலாம்.

பிரமி வாங்குபவர்கள் செடியை உறுதி செய்துகொள்ள வேண்டும். தெற்கே நீர்ப்பிரமியையும் வடக்கே பல இடங்களில் வல்லாரையையும் பிரமி என்று விற்கிறார்கள். சங்கபுஷ்பியின் நிலைமை இன்னும் குழப்பம்: நீலப் பூ பூக்கும் சங்குபுஷ்பக் கொடி, விஷ்ணுகிரந்தி, இவை இரண்டும் அல்லாத வடநாட்டுச் செடி ஒன்று என மூன்றும் அந்தப் பெயரில் வருகின்றன. தாவரவியல் பெயர் அச்சிட்ட பொட்டலம் இல்லையென்றால், தொடக்கநிலையில் இவை இரண்டையும் விட்டுவிடுவதே என் பரிந்துரை.

கசகசா சேர்க்கும் பழக்கம் உள்ளவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூர், சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளுக்குள் அதைக் கொண்டுபோவது குற்றம். வேலைக்கான போதைப்பொருள் பரிசோதனையிலும் அது தவறான முடிவைக் காட்டக்கூடும்.

எந்தப் பொடியானாலும் ஐம்பது கிராமுக்கு மேல் ஒரே தடவையில் வாங்க வேண்டாம். பொடியாக்கிய சரக்கு இரண்டு மாதத்தில் வீரியம் குறையத் தொடங்கும் என்பது சாரங்கதர சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூல் சொல்லும் கணக்கு. காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியில், அடுப்பின் ஆவி படாத இடத்தில் வையுங்கள். திறந்த தேதியைப் புட்டியிலேயே எழுதி ஒட்டுங்கள்.

## 5. பாத்திரமும் அளவும்

அடி கனத்த எஃகுப் பாத்திரம், வாய் அகலமாக. வெள்ளீயம் பூசாத பித்தளை, செம்பு வேண்டாம். ஒரு மூடி, மெல்லிய வெள்ளைத் துணி, மரக்கரண்டி, மி.லி. கோடு போட்ட ஒரு குவளை.

முடிந்தால் அரை கிராம்வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். அமுக்கராப் பொடி ஒரு டீஸ்பூன் தலை தட்டி எடுத்தால் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று கிராம். அதே கரண்டியில் குவித்து எடுத்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. "ஒரு கரண்டி" என்று சொல்லிக்கொண்டே ஒருவர் மூன்று கிராமும் இன்னொருவர் ஆறு கிராமும் சாப்பிடுவது இப்படித்தான்.

மொத்தப் பானம் 150 மி.லி.க்கு மேல் போகக் கூடாது. பெரிய டம்ளர் நிறையக் குடித்தால் இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கும். கெட்ட தூக்கத்துக்கு மருந்து குடித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டது போலாகிவிடும்.

## 6. அமுக்கராப் பால்

ஆயுர்வேதத்தில் இதைக் க்ஷீரபாகம் என்பார்கள். நூல் கணக்கு: சரக்கு 1 பங்கு, பால் 8 பங்கு, நீர் 32 பங்கு; நீர் முழுவதும் வற்றிப் பால் மட்டும் மிஞ்ச வேண்டும். 5 கிராம் சரக்குக்கு 40 மி.லி. பால், 160 மி.லி. நீர் என்றாகும். கிடைப்பது இரண்டு மூன்று வாய்தான், கசப்பும் கூடுதல். வீட்டில் பாலைக் கூட்டிக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் நீர் சேர்த்து வற்றவைப்பதை மட்டும் விடக் கூடாது.

ஏன் நீர்? பாலை மட்டும் வைத்து இருபது நிமிடம் கொதிக்கவிட்டால் அடிப்பிடிக்கும், கெட்டியாகும். நீர் கலந்தால் நீண்ட நேரம் பதமாகக் கொதிக்கும். நீரில் இறங்குவது நீரிலும், கொழுப்பில் இறங்குவது பாலிலுமாக வேரின் சாரம் இறங்க அவகாசம் கிடைக்கும்.

ஒருவருக்குத் தேவையானவை: இடித்த அமுக்கரா கிழங்கு 3 கிராம் (மாவாக அல்ல, ரவை பதத்தில்), பால் 120 மி.லி., நீர் 120 மி.லி., நெய் அரை டீஸ்பூன், ஏலக்காய் ஒன்று, கற்கண்டு அல்லது பனங்கற்கண்டு ஒரு டீஸ்பூன்.

படி 1. பாத்திரத்தை முதலில் நீரால் அலசி ஊற்றிவிட்டு, துடைக்காமல் பாலை ஊற்றுங்கள். அடியில் தங்கும் ஈரப்படலம் பால் ஒட்டுவதைக் குறைக்கும்.

படி 2. சுத்தமான மரக்குச்சி ஒன்றைப் பாலில் செங்குத்தாக நிறுத்தி, பால் நிற்கும் உயரத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். நீரை ஊற்றிக் காய்ச்சிய பிறகு, மறுபடி மட்டம் இந்தக் கோட்டுக்கு வரும்போது நீர் வற்றிவிட்டது என்று பொருள். கண்மதிப்பாகச் செய்பவர்கள் பெரும்பாலும் பாதியிலேயே இறக்கிவிடுகிறார்கள். கிடைப்பது தண்ணீர்ப் பால். ஒரே பாத்திரத்தைத் தினமும் வைத்துக்கொண்டால் குச்சியில் ஒரு முறை கோடு போட்டால் போதும்.

படி 3. நீரை ஊற்றுங்கள். இடித்த கிழங்கைத் துணியில் தளர்வாக முடிச்சுக் கட்டி உள்ளே போடுங்கள். இறுக்கிக் கட்டினால் ஊறி உப்பும்போது நடுவில் உள்ள சரக்கு நனையாமலே போகும்.

படி 4. அடுப்பைக் குறைத்து, மூடாமல் காய்ச்சுங்கள். மூடினால் நீர் வற்றாது, பாலும் பொங்கும். பாத்திரத்தின் அகலத்தைப் பொறுத்துப் பதினைந்து முதல் இருபது நிமிடம் ஆகும். இடையிடையே அடியைத் தொட்டுக் கிளறுங்கள். ஐந்தே நிமிடத்தில் வற்றிவிட்டால் தீ அதிகம்; சாரம் இறங்கியிருக்காது.

படி 5. மட்டம் கோட்டுக்கு வந்ததும் முடிச்சை எடுத்துக் கரண்டியால் அழுத்திப் பிழியுங்கள். தட்டிய ஏலக்காயை இப்போது போட்டு, அடுப்பை அணைத்து, இரண்டு நிமிடம் மூடி வையுங்கள். ஏலக்காயின் வாசனை எண்ணெய் ஆவியாகப் போய்விடும் என்பதால் அதை முதலிலேயே போடுவதில் பயனில்லை.

படி 6. நெய்யும் கற்கண்டும் சேர்த்து, வாய் பொறுக்கும் சூட்டில் மெதுவாகக் குடியுங்கள்.

இடித்த கிழங்கு கிடைக்காமல் நைசான பொடிதான் இருக்கிறதென்றால் செய்முறையும் அளவும் மாறும். பொடியை வடிகட்டாமல் அப்படியே விழுங்கப்போவதால் முதல் வாரம் 1 கிராம்தான் எடுக்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி ஆறிய பாலில் குழைத்துக்கொண்டு, பிறகு சூடான பாலில் கரையுங்கள். சூடான பாலில் நேரடியாகக் கொட்டினால் வெளிப்புறம் வெந்து கட்டிதட்டும். உள்ளே காய்ந்த மாவு தொண்டையில் அப்பும். கரைத்த பின் நான்கைந்து நிமிடம் குறைந்த தீயில் வைத்தால் பச்சை வாடை போகும்.

இந்திய ஆயுர்வேத மருந்தியல் நூல் இந்த வேர்ப்பொடிக்குச் சொல்லும் நாளளவு 3 முதல் 6 கிராம். அது மருத்துவர் பார்த்துக் கொடுப்பதற்கான அளவு. வீட்டில் தாமாகத் தொடங்குபவர்கள் 3 கிராமைத் தாண்டத் தேவையில்லை. அளவு கூடினால் முதலில் வயிறுதான் சொல்லும்: குமட்டல், பேதி, பிறகு பகல் மயக்கம்.

## 7. ஜாதிக்காய்ப் பாலும் மஞ்சள் பாலும்

ஜாதிக்காயில் கை தாராளம் காட்டக் கூடாது. ஐந்து கிராம் அளவிலேயே நச்சுத்தன்மை தெரிந்த நிகழ்வுகள் உண்டு. படபடப்பு, வாய் வறட்சி, வாந்தி, குழப்பம், இல்லாததைக் காண்பது என்று போகும். ஒரு முழுக் காயின் எடையே ஏறக்குறைய அவ்வளவுதான். நமக்கு வேண்டியது ஒரு டீஸ்பூனில் எட்டில் ஒரு பங்கு, அதாவது கால் கிராம் சொச்சம். முதல் சில நாள் அதிலும் பாதி.

பால் 120 மி.லி.யைக் காய்ச்சி இறக்குங்கள். நைசான துருவியில் ஜாதிக்காயை நான்கைந்து இழுப்பு இழுத்து, அளந்து, இறக்கிய பாலில் தூவி, மூடி ஐந்து நிமிடம் வையுங்கள். கொதிக்கும்போது போட்டால் எண்ணெய் ஆவியில் போய்விடும், கசப்பு மட்டும் மிஞ்சும்.

இதன் வேலை மெதுவாக, சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். அரை மணி நேரத்தில் தூக்கம் வரவில்லை என்று இன்னொரு சிட்டிகை போட்டு இரண்டாம் கோப்பை குடிப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. அந்த இரண்டாம் கோப்பையின் மயக்கம் மறுநாள் காலைவரை நிற்கும். ஜாதிக்காய்ப் பாலைப் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே குடித்துவிடுங்கள். தினசரிப் பழக்கமாக்க வேண்டாம். வாரத்தில் இரண்டு மூன்று இரவு போதும். மறுநாள் அதிகாலையில் வண்டி ஓட்ட வேண்டியிருந்தால் முதல் முறையாக அன்று முயலக் கூடாது.

மஞ்சள் பாலைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன்: அது தூக்கத்துக்கான பானம் அல்ல. தொண்டைக் கரகரப்பு, உடல் வலியால் தூக்கம் கெடுகிறதென்றால் உதவும். அரை டீஸ்பூன் மஞ்சள்பொடியை 60 மி.லி. நீரில் முதலில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, பச்சை வாடை போன பிறகு 120 மி.லி. பால் சேர்த்து, இன்னும் ஐந்து நிமிடம் வற்றவிடுங்கள். தட்டிய மிளகு இரண்டும் கால் டீஸ்பூன் நெய்யும் மஞ்சளின் சாரம் உடலில் சேர உதவும். இரண்டாம் பகுதியில் சொன்னபடி, பித்த உடம்புக்காரர்களுக்கு இந்தப் பானம் வேண்டாம்.

## 8. பால் வேண்டாதவர்களுக்கு

மல்லி, சீரகம், சோம்பு நீர். மூன்றிலும் அரை டீஸ்பூன். இலேசாக நசுக்கி, 250 மி.லி. நீரில் குறைந்த தீயில் 150 மி.லி. ஆகும்வரை கொதிக்கவிட்டு, ஐந்து நிமிடம் மூடி வைத்து வடிகட்டுங்கள். வறுக்க வேண்டாம், வறுத்தால் சூடு கூடும், கசக்கும். வயிற்று உப்பலால் தூக்கம் வராதவர்களுக்கும், இரவுச் சாப்பாடு கொஞ்சம் கனமாகிப்போன நாளுக்கும் பொருத்தமான பானம் இதுதான். கபக்காரர்களும் இனிப்பில்லாமல் குடிக்கலாம்.

மல்லி ஊறல். இது காய்ச்சாத முறை, ஹிமம் என்பார்கள். சரக்கு 1 பங்குக்கு நீர் 6 பங்கு. இருபது கிராம் மல்லி விதையை ஒன்றிரண்டாக இடித்து, காய்ச்சி ஆறிய 120 மி.லி. நீரில் ஊறவிடுங்கள். இரவு ஊறவைத்துக் காலையில் குடிப்பது வழக்கம். மாலைப் பானமாக வேண்டுமென்றால் காலையில் ஊறவைத்து, மூடிக் குளிர்ச்சியான இடத்தில் வைத்து, அன்று மாலையே வடிகட்டிக் கற்கண்டு சேர்த்துக் குடியுங்கள். இதைச் சூடாக்கக் கூடாது, நோக்கமே குளிர்ச்சி. வெயில் காலத்தில் ஊறல் புளித்துவிடும். வாடை மாறியிருந்தால் கொட்டிவிடுங்கள்.

சடாமாஞ்சில். நூல்களில் மனம் அடங்கச் சொல்லப்படும் வேர்களில் முக்கியமானது. ஆனால் இமயமலைப் பகுதியில் வளரும் இந்தச் செடி காட்டிலிருந்து பிடுங்கிப் பிடுங்கியே அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. பயிரிட்டு எடுத்தது என்ற உறுதி இல்லாமல் வாங்காதீர்கள். கிடைத்தால், ஒரு கிராம் வேரை 150 மி.லி. கொதித்து இறக்கிய நீரில் போட்டு மூடிப் பத்து நிமிடம் வைத்து வடிகட்டினால் போதும். வேரைப் போட்ட பின் கொதிக்கவிடக் கூடாது.

பால் ஒத்துக்கொள்ளாமல், ஆனால் பால் பதத்தில் வேண்டும் என்பவர்கள் எட்டுப் பாதாமை எட்டு மணி நேரம் ஊறவைத்துத் தோலுரித்து 120 மி.லி. நீரில் அரைத்து வடிகட்டிக்கொள்ளலாம். அப்போது அமுக்கராவை நீரிலேயே தனியாகக் காய்ச்சி வற்றவைத்து, இறக்கிய பின் பாதாம் பாலைச் சேர்க்க வேண்டும். தேங்காய்ப் பாலும் இதே வரிசைதான், கொதித்தால் பிரிந்துவிடும்.

## 9. இனிப்பு எப்போது

வெல்லமும் கருப்பட்டியும் பாலைத் திரிக்கும். அடுப்பில் கொதிக்கும் பாலில் போடவே கூடாது. இறக்கி, ஐந்து நிமிடம் ஆறியபின், பொடித்த வெல்லத்தைச் சேர்த்தால் திரியாது. கற்கண்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

தேனைச் சூடாக்குவதை ஆயுர்வேத மூலநூல் ஆசிரியர் சரகர் உறுதியாக விலக்குகிறார். விரலை விட்டால் இதமாக இருக்கும் சூட்டுக்குப் பானம் ஆறிய பிறகே தேன். நெய்யும் தேனும் சம அளவில் சேரக் கூடாது என்பதும் அதே மரபின் விதி. ஆகவே நெய் போட்ட அமுக்கராப் பாலில் தேனைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு எந்த வடிவிலும் தேன் கொடுக்கக் கூடாது.

சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு வெல்லம், கருப்பட்டி, தேன், கற்கண்டு எல்லாமே சர்க்கரைதான். இனிப்பில்லாமல் குடிக்கப் பழகுங்கள். இனிப்புச் சேர்ப்பவர்கள் குடித்த பின் பல் துலக்கிவிட்டுப் படுக்க வேண்டும்.

## 10. கெட்டுப்போகும் இடங்கள்

பால் திரிந்துவிட்டது. வெல்லம் சூட்டில் விழுந்திருக்கும், அல்லது பால் பழையது, அல்லது பச்சை இஞ்சி சேர்த்திருப்பீர்கள். இஞ்சியில் பாலின் புரதத்தை அறுக்கும் நொதி இருக்கிறது. இஞ்சி வேண்டுமென்றால் முதலில் நீரில் நன்றாகக் கொதிக்கவைத்து, அந்த நொதி செயலிழந்த பிறகே பாலை ஊற்ற வேண்டும்.

கசப்பு தாங்கவில்லை. இனிப்பைக் கூட்டாதீர்கள், சரக்கைக் குறையுங்கள். அமுக்கராவுக்குக் கொஞ்சம் கசப்பும் ஒரு மண் வாடையும் இயல்பு. பூஞ்சை வாடை அடித்தால் அது இயல்பல்ல, தூக்கி எறியுங்கள்.

வயிறு உப்புகிறது. உணவுக்கும் பானத்துக்கும் இடைவெளி போதவில்லை, அல்லது பால் உங்களுக்குச் சேரவில்லை. மூன்று நாள் நீர்ப் பானத்துக்கு மாறிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

காலையில் தலை பாரம். அளவைப் பாதியாக்குங்கள், அரை மணி நேரம் முன்னதாகக் குடியுங்கள். அப்படியும் நீடித்தால் அந்த மூலிகை உங்களுக்கு வேண்டாம்.

காய்ச்சி ஃபிளாஸ்க்கில் வைப்பது. மாலை ஆறு மணிக்கே காய்ச்சி, ஒன்பது மணிக்குக் குடிக்கலாம் என்று வைப்பார்கள். வெதுவெதுப்பான சூட்டில் பால் மணிக்கணக்கில் இருந்தால் கிருமி பெருகும். அன்றன்று, அவ்வப்போது காய்ச்சுங்கள். மிச்சத்தை மறுநாள் சுடவைக்க வேண்டாம்.

## 11. முதல் இரண்டு வாரம்

முதல் மூன்று இரவு மூலிகை எதுவும் சேர்க்காமல், வெறும் பாலும் ஏலக்காயும் (பால் ஆகாதவர்கள் வெறும் வெந்நீர்) சொன்ன நேரத்தில் குடியுங்கள். மூலிகைக்கு முன் நேரமும் உணவும் மட்டுமே எவ்வளவு மாற்றம் தருகின்றன என்பது இதில் பிடிபடும். நான்காம் இரவிலிருந்து தேர்ந்தெடுத்த ஒரு மூலிகையைக் குறைந்த அளவில் சேருங்கள். ஏழு நாளாவது அளவை மாற்றாமல் இருங்கள். அமுக்கராவின் பலன் ஓரிரவில் தெரிவதில்லை, வாரக்கணக்கில்தான் தெரியும்.

படுத்த நேரம், உத்தேசமாகத் தூங்கிய நேரம், இரவில் எழுந்த தடவை, காலை எழுந்தபோது உடல் இருந்த நிலை ஆகிய நான்கையும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். நினைவை நம்பினால் கடைசி ஓரிரு இரவு மட்டுமே கணக்கில் வரும். இரண்டு வாரத்தில் தாளில் மாற்றம் எதுவும் இல்லையென்றால் அளவைக் கூட்டாதீர்கள், பானத்தை மாற்றுங்கள். அமுக்கரா ஒத்துக்கொண்டாலும் மூன்று மாதத்துக்கு மேல் மருத்துவரைக் கேட்காமல் தொடர வேண்டாம்.

வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் தூக்கம் கெட்டு, அது மூன்று மாதமாக நீடித்தால் பானத்தை நம்பிக் காத்திருக்கக் கூடாது. உரத்த குறட்டையோடு மூச்சு நின்று திணறி எழுவது, கால்களைச் சும்மா வைக்க முடியாத தவிப்பு, வாழ்வே வேண்டாம் என்ற நினைப்பு இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த மூன்று மாதக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள். போகும்போது குறித்துவைத்த தாளையும், பயன்படுத்திய சரக்கின் பொட்டலத்தையும், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.